பதினொன்று முதல் நான்கு வரை புல் சுடும்

பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணீர் பிடிப்பது என் வேலை. சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், நான் குழாயை மூடிவிட்டு வருகிறேன்.

பதினொன்றாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, பிடிக்கவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் போகும் சாலையில் மூடிப்போன அரிசி ஆலை ஒன்று இருக்கிறது. அதன் முதலாளி, நெல் காயவைத்த சிமெண்டுக் களத்தின் மேல் செயற்கைப் புல்லை விரித்து, சுற்றிலும் வலை கட்டி, விளையாட்டு மைதானம் ஆக்கினார். பார்த்துக்கொள்ள என்னைச் சேர்த்தார். கீழே சிமெண்டு, நடுவில் பிளாஸ்டிக், மேலே சித்திரை வெயில். மதியம் கால் வைத்தால் தோல் உரியும். அதனால் ஓர் அட்டையில் ‘பதினொன்று முதல் நான்கு வரை புல் சுடும், உள்ளே வராதீர்’ என்று எழுதி வாசலில் மாட்டினேன். முதலாளி கழற்றினார். மறுபடி மாட்டினேன். அதையும் கழற்றிவிட்டு, இன்னொரு முறை மாட்டினால் என் வேலை போய்விடும் என்றார். வெயிலில் நின்று பிழைக்கிறவர்களே, அந்த அட்டையில் ஒரு வார்த்தையாவது பொய்யா?

அறுவடை

வெயில் ஏறுமுன் புல்லை நனைத்தால் கொஞ்ச நேரமாவது சூடு அடங்கும். காலையில் குழாயோடு நான் சுற்றிவருவதைப் பக்கத்துக் கரும்புக் காட்டுக்காரர் வேலி ஓரமாக நின்று பத்து நாள் முறைத்துப் பார்த்தார். அவர் காட்டில் மோட்டார் இழுத்து இழுத்துத் தண்ணீர் தந்துகொண்டிருந்தது, கோபம் நியாயம்தான். ஆனால் இங்கே நனைக்காவிட்டால் பிள்ளைகள் கால் வேகும் என்று விளக்கினேன். முழுக்கக் கேட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்:

“அது சரி பாப்பா, அறுவடை எப்போ?”

சுத்தம்

புல் படுத்துவிட்டால் சூடு இன்னும் ஜாஸ்தி. நிமிர்ந்து நிற்க அடியில் மணல் போடுவோம். கோடைக்கு முன் புதிதாக மணல் தூவி, புல் சாய்ந்திருக்கும் பக்கத்துக்கு எதிராகக் கெட்டி பிரஷ்ஷால் இழுத்துவிட வேண்டும். மூன்று நாள் இழுத்தேன், உள்ளங்கை கொப்பளித்தது. நான்காம் நாள் நான் வருவதற்குள் வாட்ச்மேன் ஏழுமலை அண்ணன், பாவம், எனக்கு உதவி செய்வதாக நினைத்து அத்தனை மணலையும் கூட்டி மூட்டை கட்டி வைத்திருந்தார். புல் எண்ணெய் தேய்த்து வாரிய தலை மாதிரி படிந்து கிடந்தது.

கத்தினேன். பெரியவர் என்று பார்க்கவில்லை. அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

“மண்ணுல புல்லு மொளைக்கும், பாத்திருக்கிறேன். புல்லு மேல மண்ணைக் கொட்டினு இருக்கீங்களே, இது இன்னா விவசாயம்?”

பூசணிக்காய்

திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிரிக்கெட் குழு ஒன்று தொடர்ந்து தோற்றது. திருஷ்டி என்று முடிவுசெய்து, நான் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, வெள்ளைப் பூசணிக்காய் மேல் கற்பூரம் ஏற்றிக் குழுவையே சுற்றினார்கள். கற்பூரம் நழுவிப் புல்லில் விழுந்தது. திரும்பி வந்தால் நடு மைதானத்தில் தட்டு அளவுக்குக் கருகிய ஓட்டை.

புல் விரித்தபோது மீந்த துண்டிலிருந்து அளவாக வெட்டி, புல் சாயும் பக்கம் மாறாமல் பசை வைத்து ஒட்டினேன். ஒட்டி முடிக்கும்வரை பதினோரு பேரையும் பக்கத்திலேயே நிற்கவைத்தேன். மன்னிப்புக் கேட்பார்கள் என்று பார்த்தேன். ஓட்டையை எட்டிப் பார்த்த கேப்டன் தன் ஆட்களிடம் சொன்னான்:

“பாத்தீங்களா, எவ்ளோ திருஷ்டி இருந்திருக்குதுன்னு.”

பத்து எண்ணும் வரை

கல்வராயன் மலைப் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்குக் கபடிப் போட்டி. முதலாளி ஏற்பாடு. பரிசு கொடுக்க வரும் பெரிய மனிதர்களுக்கு மதியம்தான் தோதாம், அதனால் பன்னிரண்டு மணிக்கு. கபடிக்கு வெறுங்கால். விழுந்தால் முழங்கால், முழங்கை எல்லாம் புல்லில் உரசும். நான் அட்டையை மாட்டிவிட்டு வாசலை மறித்து நின்றேன். அதற்குள் ஒரு பெண் என் கைக்கு அடியில் புகுந்து உள்ளே ஓடி, அதே வேகத்தில் குதித்துக்கொண்டு திரும்பி வந்தாள். “எங்க மலையில பாறையும் சுடும்க்கா. ஆனா அது பாறைன்னு தெரிஞ்சிதான் கால் வைப்போம். இது பச்சையா இருந்துகினு ஏமாத்துது” என்றாள்.

முதலாளி வந்தார். “இதே களத்துல பொம்பளைங்க வெறுங்கால்ல நெல்லு கிண்டுனாங்க. ஒருத்தியாவது சுடுதுன்னு சொல்லியிருப்பாளா?”

“எங்கம்மாவும் கிண்டுனாங்க. இன்னும் பாதம் வெடிச்சிதான் கெடக்குது. அவங்க சொல்லலன்னு இல்ல, நீங்க கேக்கல.”

வேலை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போனது போகட்டும் என்று மிச்சத்தையும் சொன்னேன். “செருப்பைக் கழட்டிட்டு உள்ள நில்லுங்க. நான் பத்து எண்ணுறேன். நின்னுட்டீங்கன்னா அட்டையை நானே கிழிச்சிட்டுப் போறேன்.”

அத்தனை பேர் பார்க்கும்போது அவரால் மறுக்க முடியவில்லை. நின்றார். நான்கில் இடது காலைத் தூக்கினார். ஆறில் வலது கால். ஏழு என்று நான் சொல்வதற்குள் அவர் வெளியே வந்துவிட்டார், ஓடாமல், மரியாதையாக, கொஞ்சம் வேகமாக. நேரே வந்து என் பிரஷ் ஊறிய வாளியில் இரண்டு காலையும் வைத்துக்கொண்டார். மேகம் ஒரு பொட்டுகூட இல்லாத வானத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“மழை வர்றா மாதிரி இருக்குது. நாலு மணிக்கு வெச்சிக்கலாம்.”

அன்றைக்கு மழை வரவில்லை, அட்டையைக் கழற்ற அதற்கப்புறம் யாரும் வரவில்லை, என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவும் முதலாளிக்கு இன்னும் கால் ஆறவில்லை.