பல் செய்கிறவளுக்கு ஒரு பெயர்

என் நாத்தனார் பல் செய்கிறவள். நாங்கள் இருவரும் ஒரே பல் ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்க்கிறோம். முன்னறையில் எனக்கு மேஜை, பின்னறை ஜன்னலோரம் அவளுக்கு மேஜை. வருகிறவர்களிடம் நாள் முழுக்கப் பேசித் தொண்டை கட்டிப்போவது என் வேலை. மெழுகும் பிளாஸ்டர் அச்சும் சின்ன விளக்குமாக உட்கார்ந்து, பல் போனவர்களுக்குப் பல்செட் செய்வது அவள் வேலை.

பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. ஆனால் பேசுவாள். எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே சொல்வதைப் பிடித்துவிடுவாள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் சமையலறையில் நின்று என்னவோ முணுமுணுத்தேன். கூடத்தில் இருந்தபடியே பார்த்துவிட்டு, "அண்ணி, எங்க அம்மாவத் திட்டாதீங்க. எனக்குத்தான் காது கேக்காது, அவங்களுக்கு நல்லாக் கேக்கும்" என்றாள். அன்றிலிருந்து நான் மனசுக்குள்ளேதான் திட்டுகிறேன்.

அந்தப் பேச்சு லேசில் வந்ததல்ல. என் மாமியார் அவளைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, அவள் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்து, ஒவ்வொரு ஒலியாக வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்தார். குழந்தை தன்னையறியாமல் கையைத் தூக்கி எதையாவது காட்டினால் பட்டென்று ஒரு அடி விழும். "வாயால சொல்லு." பெண் வாய் திறந்து பேச ஆரம்பித்ததும் சொந்தக்காரர்களிடமெல்லாம் மார்தட்டிக்கொண்டார். பெண்ணுக்கும் அதில் பெருமை கொஞ்சமல்ல. தெருவில் யாராவது கையால் பேசிக்கொண்டு போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "அவங்க பேச மாட்டாங்க, நான் பேசுவேன்" என்பாள்.

இப்படிப்பட்டவள் நாற்பது தாண்டியபிறகு காது கேளாதோர் சங்கத்துக்குப் போக வேண்டும் என்றாள். ஏன் என்று கேட்டேன். வீட்டில் நாலு பேர் சேர்ந்து சிரிக்கும்போது என்ன என்று கேட்டால் எல்லாரும் 'அப்புறம் சொல்றேன்' என்கிறோமாம். "அந்த அப்புறம் இன்னும் வரல அண்ணி" என்றாள். புடவையை மாற்றிக்கொண்டு கூடவே கிளம்பினேன்.

சைக்கிள் கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிற சங்கம் அது. உள்ளே பரீட்சை அறை மாதிரி நிசப்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு படியேறினேன். கதவைத் திறந்தால் ஒரே களேபரம்! நாற்காலிகள் இழுபடுகின்றன, யாரோ தரையை ஓங்கி மிதித்து ஒருவரைக் கூப்பிடுகிறார், அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வெடிக்கிறது. கூடத்தின் இந்தக் கோடியில் இருந்த அம்மாவும் அந்தக் கோடியில் இருந்த மனிதரும் நடுவில் ஐம்பது பேரை வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சண்டை போட்டார்கள். கை, தோள், புருவம், கன்னம் எல்லாம் பேசின. நான் வாய் பிளந்து நின்றேன். அந்த அறையில் ஒன்றும் விளங்காமல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான்.

ஒரே ஆள் என்பதுகூடச் சரியில்லை. முகத்தையும் உதட்டையும் வைத்து என் நாத்தனாருக்கும் பாதிதான் விளங்கியது. அதோடு ஒரு தப்பும் செய்தாள். வாசலில் இருவர் எதிரெதிரே நின்று கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களெல்லாம் அவர்களுக்கு நடுவே சும்மா புகுந்து போனார்கள், பேச்சு நிற்கவில்லை. இவள் மட்டும் நின்று, குனிந்து, நெஞ்சில் கைவைத்து மன்னிப்புக் கேட்டாள். இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு இவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். மரியாதை என்று நினைத்து இவள் செய்ததுதான் அங்கே குறுக்கே பேசுவது. காது கேட்கிற வீட்டில் வளர்ந்தவள் என்பது அந்த நிமிஷமே அம்பலமாகிவிட்டது.

சங்கத்தில் ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பெயர் உண்டு. அதைத் தானே வைத்துக்கொள்ள முடியாது, கேட்டு வாங்கவும் முடியாது. பழகிப் பார்த்து அவர்களாக வைக்க வேண்டும். ஒருத்தருக்கு நெற்றித் தழும்பு பெயர், இன்னொருத்தருக்கு மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுகிற பழக்கம் பெயர். வருஷம் மூன்றாகியும் இவளுக்கு மட்டும் யாரும் வைக்கவில்லை. இவளைக் குறிக்க வேண்டுமென்றால் வாய்க்குப் பக்கத்தில் விரல்களைக் கிளி அலகு மாதிரி திறந்து மூடுவார்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்கிற கிளி என்று அர்த்தம். அது பெயர் இல்லை, கிண்டல்.

அதை ஆரம்பித்து வைத்தவர் கதைக்காரர். சோபா தைப்பது அவர் தொழில், கதை சொல்வது அவர் உயிர். கூட்டம் முடிந்ததும் மேடையேறி, நெரிசலான பஸ் ஒன்றில் ஒரு குண்டு மனிதர் ஏறிய கதையைச் சொல்வார். பஸ்ஸும் அவரே, குண்டரும் அவரே, குண்டரின் முழங்கை பட்ட கிழவியும் அவரே. ஒரு சைகைகூடத் தெரியாத நானே கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறேன்.

இவள் சங்கத்தில் வாய்விட்டுப் பேசுவது அவருக்குப் பிடிக்காது. காது கேட்கிறவர்களிடம் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறாள் என்பார். இவள் வீட்டுக்கு வந்து என்னிடம் குமுறுவாள்.

"எங்க அம்மா உயிரைக் குடுத்து வாங்கின குரல் இது. செருப்பு மாதிரி வாசல்ல கழட்டிப் போட்டுட்டு வரச் சொல்றாங்க. எனக்கு எதுக்கு அண்ணி அவங்க பேரு? எங்க அப்பா வச்ச பேரு இருக்கு."

ஆனால் ஞாயிறு வந்தால் காலையிலேயே துணியை இஸ்திரி போட்டுத் தயாராக நிற்பாள். அந்தப் பெயருக்காக அவள் ஏங்கியது எனக்குத் தெரியாதா என்ன?

இந்த நிலையில்தான் கதைக்காரருக்குப் பல்லெல்லாம் ஆடிப்போய், எங்கள் டாக்டரம்மாவிடம் வந்து பிடுங்கிக்கொண்டார். வாய் ஆறியதும் பல்செட் செய்தது என் நாத்தனார். அவள் இழைத்து இழைத்துச் செய்ததை நான் பார்த்தேன். மாட்டிவிட்டு, எல்லாருக்கும் செய்வதுபோல் எண்களைச் சொல்லவைத்துச் சோதித்தாள். அவர் வேண்டாவெறுப்பாக உதட்டை அசைத்தார். செட் அசையவில்லை. இவளுக்குத் தலை கால் புரியாத சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு அவர் மேடையேறினார். குண்டர் பஸ்ஸில் ஏறுகிற கட்டத்தில் இரண்டு கன்னத்தையும் புஸ்ஸென்று உப்பினார். மேல் செட் பறந்துபோய் முன்வரிசையில் ஒரு அம்மாவின் மடியில் விழுந்தது. கூடமே உருண்டு புரண்டு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு இவளைப் பார்த்து விரல்களால் கிளி அலகைத் திறந்து மூடிக் காட்டிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். வேண்டுமென்றே செய்தாள் என்று ஒரு வாரத்துக்குள் சங்கம் முழுக்கப் பேச்சு. அவர் கதை சொல்வதையே விட்டுவிட்டார். இனி இவளுக்குப் பெயர் கிடைப்பது இருக்கட்டும், அந்த மாடியில் காலெடுத்து வைக்கவே முடியாது என்று ஆகிவிட்டது.

நான் அவரைத் திட்டித் தீர்த்தேன். இவள் திட்டவில்லை. பஞ்சும் துணியும் குவிந்திருந்த அவர் கடைக்குப் போய் அரைகுறைச் சைகையில் மன்றாடி, ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். டாக்டரம்மா செட்டை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த மாதிரி வாய்க்கு வேற வழி இருக்கு. மெத்துனு ஒண்ண வச்சுவிட்டு, கொஞ்ச நேரம் பேசச் சொல்லுவோம். நாக்கும் கன்னமும் தள்ளித் தள்ளி, பல்லுக்கு இடம் அதுவாவே அமைஞ்சிடும். ஆனா இவருதான் பேச மாட்டாரே."

"யாரு டாக்டர் சொன்னது? அவரு நல்லாப் பேசுவாரு" என்றாள் என் நாத்தனார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையால் பேசுகிறவர்களைப் பார்த்து 'அவங்க பேச மாட்டாங்க' என்று சொல்லிக்கொண்டிருந்த அதே வாய்!

வெந்நீரில் இளக்கிய மெழுகை, இன்னும் பல் பதிக்காத பல்செட் தட்டில் ஒட்டி அவர் வாயில் வைத்தாள். இரண்டடி தள்ளி நின்று, கையால், "பஸ் கதை சொல்லுங்க" என்றாள். அவர் முறைத்தார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அன்று அந்த அறையில் நான் பார்த்ததை எப்படிச் சொல்வது! அவர் சொல்லச் சொல்ல, இவள் அவர் கையைப் பார்க்காமல் வாயை மட்டுமே பார்த்தாள். பிறந்ததிலிருந்து வாயைப் பார்த்தே வாழ்ந்தவள். ஆனால் இந்த வாயில் அவளுக்குத் தெரிந்த ஒரு சொல்கூடக் கிடையாது. கன்னத்தை உப்பினால் கூட்டம், உதட்டைக் குவித்தால் சந்து, நாக்கு நுனி எட்டிப் பார்த்தால் அலட்சியம். சந்தேகம் வந்த இடத்தில் மடக்கிய விரலை அவர் கன்னத்தில் வைப்பாள். அவர் அங்கேயே நிறுத்தி, அந்த இடத்தை மட்டும் மறுபடி சொல்வார். பேச்சுக்குக் குறுக்கே வந்ததாக அவர் முகம் சுளிக்கவில்லை. கடைசியில் குண்டர் இறங்கிப் போனார், பஸ் மூச்சு விட்டது, டாக்டரம்மா கைக்கடிகாரத்தை மறந்துபோய் நின்றுகொண்டிருந்தார். இவள் அவர் வாயிலிருந்து மெழுகை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அதில் அந்தக் கதை முழுவதும் மேடும் பள்ளமுமாக அப்படியே பதிந்திருந்தது.

"அண்ணி, இத்தன வருஷமா வாய்னா பேசறதுக்குன்னுதான் நெனச்சேன். இது வேற ஊரு" என்றாள்.

அந்தப் பள்ளங்களில்தான் புதுப் பல்லை அடுக்கினாள். அடுத்த கூட்டத்தில் அவர் மேடையேறியபோது இவள் என் மணிக்கட்டை நசுக்கினாள். குண்டர் ஏறினார். கன்னம் உப்பியது. பல் இருந்த இடத்தில் இருந்தது. ஐம்பது ஜோடிக் கைகள் மேலே எழுந்து விரித்த விரல்களோடு ஆடின. அதுதான் அவர்கள் கைதட்டல். சத்தமே இல்லாத அந்தக் கைதட்டலில் எனக்குக் காது அடைத்தது.

அவர் மேடையிலிருந்து இவளைச் சுட்டிக்காட்டினார். மடக்கிய விரலைத் தன் கன்னத்தில் இருமுறை அழுத்தினார். கூடம் முழுவதும் அதைத் திருப்பிச் செய்தது. இவள் கையால் நன்றி சொல்லிவிட்டு, விடாப்பிடியாக வாயாலும் உரக்கச் சொன்னாள். முன்வரிசையில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

வீட்டுக்குத் திரும்ப பஸ் நிறுத்தத்தில் நின்றோம். தெருவில் லாரியும் ஆட்டோவும் ஹாரனுமாக இரைச்சல். என் முகத்தைப் பார்த்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். அவள் கண் என் தோளைத் தாண்டிப் போனது. எனக்கு அந்த இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். எதிர்ச்சாரியில், அத்தனை வண்டிகளுக்கும் அந்தப் பக்கம், கதைக்காரர் கையை உயர்த்தி வீசிவிட்டு மடக்கிய விரலைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டிருந்தார். இவள் மறந்து வைத்துவிட்டு வந்த குடை அவர் கையில் இருந்தது.

"அண்ணி, என்னைக் கூப்பிடறாரு" என்றாள்.

பிறந்ததிலிருந்து யாரோ ஒருவர் கிட்டே வந்து தோளைத் தொட்டால்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். தூரத்தில் நின்று ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட, அவள் நிமிர்ந்து பார்த்தது அன்றுதான் முதல் தடவை.