கழற்றிக் கொடுத்த டயர்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம் புது பைக் வாங்கினேன். கரியாலூர் மலை வளைவில் ஒருநாள் பின்சக்கரம் லேசாக வழுக்கியது. கம்பெனி டயரில் கிரிப் இல்லை என்று நானே முடிவுகட்டி, கள்ளக்குறிச்சியில் முண்டு முண்டாக இருக்கும் பட்டன் டயரை இரண்டு சக்கரத்துக்கும் மாற்றினேன்.

"இன்னாத்துக்குங்க மாத்தறீங்க? வேகத்த கம்மி பண்ணா போதாதா?" என்றாள் என் மனைவி செல்வி.

"ஓட்றவனுக்குத் தெரியாதா?" என்று அவள் வாயை அடைத்தேன். கழற்றிய டயர்களை, மறியலில் எரிக்கக் கேட்டு வந்தவர்களிடம் பெருமையாகத் தூக்கிக் கொடுத்தேன்.

மறியல் முடிந்து பஸ் ஓடத் தொடங்கியதும், செல்வியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தியாகதுருகம் சாலையில் பறந்தேன். ஒரு வளைவில், எரிந்த டயரின் கம்பி வளையம் ஒன்று சக்கரத்தில் சிக்கியது. இருவரும் விழுந்தோம். செல்விக்கு வலது கை முறிந்தது.

ஓடி வந்து தூக்கியவர், அன்று டயர் கேட்டு வந்தவர்களில் ஒருவர்தான். "நீங்க குடுத்தத இங்கதாங்க கொளுத்தினோம். கம்பிய எடுத்துப் போடாம வுட்டுட்டோம்ங்க" என்றார், அழாத குறையாக. அவரை நான் என்ன சொல்ல? மெதுவாகப் போயிருந்தால் கம்பி என் கண்ணில் பட்டிருக்கும்.

செல்வி என்னைத் திட்டவே இல்லை. ஆனால் இத்தனை வருஷம் ஆகியும், வளைவு வருவதற்கு முன்பே அவள் கை என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொள்ளும். உடனே வேகத்தைக் குறைத்துவிடுவேன். அப்போதும் அவள் கையை எடுப்பதில்லை.