அந்தோணியம்மா மடி ஏந்திய நாள்

அன்பான சகோதர சகோதரிகளே, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எங்கள் கோவில் உபதேசியார் எழுதுகிறார். நான் ஒன்றைச் சொல்லத் தொடங்கி இன்னொன்றுக்குப் போய்விடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நயா பைசா வந்து, கடைக்காரனும் வாங்க வந்தவனும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. நான் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேன். மேட்டூர் போகிற பாதையில், ஓமலூருக்கு இந்தப் பக்கம், தண்டவாளத்தை ஒட்டி எங்கள் குடியிருப்பு. அக்கம்பக்கம் ஊர் கிடையாது. சாமானுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் சூரமங்கலம்தான் போக வேண்டும். எங்களுக்கு ஒரே மகள், சிசிலி. அஞ்சு வயது. கூட்ஸ் வண்டி போனால் பெட்டிகளை எண்ணுவாள். இருபதுக்கு மேல் தெரியாது, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

ஒரு வைகாசி மாதம் அவளுக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. முதல் நாள் காய்ச்சல் என்று கஷாயம் கொடுத்தோம். மறுநாள் மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சாயங்காலம் வரை ரயில் இல்லை, மாட்டு வண்டி தேடித் தோட்டம் தோட்டமாக ஓடினேன். ஒருவருடைய மாடு மேய்ச்சலுக்குப் போயிருந்தது. இன்னொருவருடைய வண்டிக்கு அச்சு முறிந்திருந்தது. கடைசியில் ஒரு வண்டி கிடைத்துப் புறப்பட்டபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பாதி வழியில் அவள் அம்மா மடியிலேயே பிள்ளை போய்விட்டாள். வண்டிக்காரர் அது தெரியாமல் மாட்டை அடித்து விரட்டிக்கொண்டே இருந்தார். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் மனைவி அந்தோணியம்மா அன்றைக்கு அழுததுதான். கல்லறையிலிருந்து திரும்பிய பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள். கோபம் இல்லை. பேச்சு போய்விட்டது, அவ்வளவுதான். சோறு வைத்தால் இரண்டு வாய் தின்பாள். கூப்பிட்டால் வருவாள். ஆள் உருகிக்கொண்டே போனாள். டாக்டர் பார்த்து, உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். மந்திரிக்கச் சொன்னவர்கள் உண்டு. நான் போகவில்லை. ரயில் வருகிற நேரத்தில் அவள் வெளியே வந்து தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பாதையில் வேலை செய்கிறவனுக்குத் தெரியும், ஒரு ஆள் ரயில் முன்னால் விழ ஒரு நொடி போதும்.

அப்போதெல்லாம் பூசை லத்தீனில்தான். எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. செபமாலையை உருட்டிக்கொண்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்பேன். "ஆண்டவரே, புள்ளையை எடுத்துக்கிட்டீங்க. இவளையாச்சும் எங்கிட்ட விட்டு வைங்க. ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க." தினமும் இதே. வேறு செபம் எனக்கு மறந்தே போய்விட்டது.

எங்கள் கோவில் சாமியார் வயசானவர், கோபக்காரர், ஆனால் நல்ல மனசு. சிசிலி வண்டியில் போன கதை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. நோயாளிகளுக்கென்றே ஒரு வில்வண்டியும் ஒரு ஜோடி மாடும் கோவிலில் நிற்க வேண்டும் என்றார். அதற்காக சூரமங்கலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல் வரைக்கும் ஊர் ஊராக நடந்து போய் உதவி கேட்பது என்று முடிவானது. அறுவடை முடிந்த பிறகு பயணம். அதற்கு முன்னால் ஞாயிறு தோறும் பூசை முடிந்து நடந்து பழக வேண்டும். நடக்க முடியாதவன் வழியில் விழுந்து மற்றவர்களுக்குப் பாரமாகக் கூடாது என்றார் சாமியார்.

நான் முதல் ஆளாகப் பேர் கொடுத்தேன். தினமும் நடக்கிறவன்தானே என்ற எண்ணம். வேலை முடிந்த பிறகும் தண்டவாளத்தின் நடுவிலேயே போய் வந்து பழகினேன். அங்கேதான் தப்பு. கேங்மேன் நடை, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கிற கட்டைக்குக் கட்டை கால் வைக்கிற நடை. கண் தண்டவாளத்தை இறுக்குகிற ஆணியிலும் சாவியிலும் இருக்கும். ரோட்டுக்கு வந்த பிறகும் என் கால் இல்லாத கட்டையைத் தேடியது. எட்டிப் போடவும் தெரியவில்லை, குறுக்கிப் போடவும் தெரியவில்லை. லோகோ ஷெட்டில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுகிற லூர்துசாமி என்று ஒருவன் எங்களோடு வந்தான். சும்மா விடுவானா?

"ஏனுங்கண்ணா, ரோட்டுலயும் கட்டை போட்டிருக்குதுங்களா? ஒவ்வொண்ணாப் பாத்துப் பாத்து மிதிக்கிறீங்க!"

"பழக்கம்டா சாமி. கால் கேக்க மாட்டேங்குது."

"தலையத் தூக்கி நடங்கண்ணா. ஆணி ஒண்ணுங் கழண்டுக்கல. அப்படிக் கழண்டா நானே அடிச்சுத் தாரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் கெண்டைக்கால் கட்டிக்கொண்டு வீட்டுப் படி ஏற முடியவில்லை. என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயந்தேன். என் பிள்ளைக்காக நடக்கிற நடையில் நானே இல்லாவிட்டால் எப்படி?

அந்தோணியம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் போகவும் எனக்குத் தைரியம் இல்லை. அதனால் அவளையும் கூட்டிக்கொண்டுதான் நடக்கப் போவேன். "வா" என்றால் வருவாள். கல்யாணமான புதிதில் மோர்ப்பானையைத் தலையில் வைத்துக்கொண்டு சூரமங்கலம் வரை விற்கப் போனவள். அந்த நடை போகுமா? சோறு இறங்காத உடம்புதான், ஆனாலும் கால் சீராகப் போகும். ஒரு ஞாயிறு நான் நொண்டிக்கொண்டு வந்தபோது, என்னைத் தாண்டி முன்னால் போனாள். அவள் குதிகாலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அவள் வைக்கும்போது நானும் வைத்தேன், எடுக்கும்போது எடுத்தேன். அப்படித்தான் ரோட்டில் நடக்கப் பழகினேன். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே அழுதுகொண்டு நடந்தேன்.

பயணத்துக்கு முந்தின ஞாயிறு, மல்லூர் தாண்டிப் போய்த் திரும்புவதாக ஏற்பாடு. நல்ல வெயில். ரோட்டோரம் ஒரு தோட்டம். கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கேட்கலாம் என்று நானும் லூர்துசாமியும் அந்தோணியம்மாவும் உள்ளே போனோம். மற்றவர்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த வீட்டு அம்மாவுக்கு என் தாய் வயது இருக்கும். சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து எங்கள் கையில் ஊற்றினார்கள். அந்தோணியம்மா குடிக்கும்போது தண்ணீர் சிந்தி முந்தானை நனைந்துவிட்டது. அதை உலர்த்த இரண்டு கையாலும் முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். அந்த அம்மா அதைப் பார்த்தார்கள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் முறம் நிறையக் கம்பு கொண்டு வந்தார்கள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிள்ளைக்கு நோய் என்று நேர்ந்துகொண்ட தாய்மார் முந்தானையை விரித்து வீடு வீடாக மடிப்பிச்சை கேட்பார்கள் அல்லவா? இவளும் அப்படி வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள்.

"யாரு பேருல மடி ஏந்தற அம்மிணி? பேரைச் சொல்லு. சாமிய நெனச்சுப் போடறேன்."

லூர்துசாமி முன்னால் வந்தான். "அது வந்துங்காத்தா, அவிங்க பேச மாட்டாங்க..."

"நீ செத்த சும்மாருப்பா. மடி ஏந்துனவ வாயால சொல்லோணும். ஊரான் சொன்னா அது நேர்த்தியா?"

முறம் அப்படியே நின்றது. கிணற்றில் மாடு ஓட்டுகிறவர் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குச் செபம்கூட வரவில்லை.

"சிசிலி" என்றாள் அந்தோணியம்மா.

அவள் குரல் போலவே இல்லை. துருப்பிடித்த கதவு மாதிரி இருந்தது.

"புள்ளைக்கு என்ன பண்ணுது?"

"இல்லீங்க. செத்துப் போச்சுங்க. வண்டியில போவயில... எம் மடியிலதாங்க போச்சு."

மடிப்பிச்சை உயிரோடு இருக்கிற பிள்ளைக்குத்தான் கேட்பது. அந்த அம்மா கம்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

"செத்துட்டா பேரு இல்லாமப் போயிருமா சாமி? நல்லாப் புடி" என்று சொல்லி, "சிசிலி பேருக்கு" என்று முறத்தைச் சாய்த்தார்கள்.

கம்பு மடியில் விழுந்த கனத்தில் அந்தோணியம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து அழுதாள். பிள்ளையைப் புதைத்த நாளிலிருந்து உள்ளே கிடந்தது எல்லாம் வெளியே வந்தது. அந்த அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்கள். லூர்துசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

திரும்பி வரும்போது கம்பு மூட்டையை நான்தான் சுமந்தேன். சூரமங்கலம் ஸ்டேஷன் தெரிகிற இடத்தில் அந்தோணியம்மா மெல்லக் கேட்டாள்.

"ஏனுங்க, கால் வலிக்குதுங்களா?"

"இல்லடி" என்றேன். வலித்தது.

மறு வாரம் பயணம் போனோம். உதவி கேட்பது எப்படி என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பெண்கள் எல்லோரும் மடி ஏந்தினார்கள். அந்தோணியம்மா ஒவ்வொரு வாசலிலும் சிசிலி பேரைச் சொல்லித்தான் கேட்டாள். முதல் ஊரில் குரல் நடுங்கியது. நாமக்கல் போய்ச் சேரும்போது நடுக்கம் இல்லை. கோவிலுக்கு வண்டியும் மாடும் வந்தன. பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் எத்தனையோ பேரை அது கொண்டு போயிருக்கிறது. தூரத்தில் அது வரும்போது அந்தோணியம்மா எழுந்து நின்றுகொள்வாள்.

அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. அவள் பழையபடி சிரித்ததும் இல்லை. பொய்ச் சாட்சி சொல்லக் கூடாது அல்லவா, அதனால் சொல்கிறேன். ஆனால் பேசினாள். சோறு ஆக்கினாள், என்னைத் திட்டினாள், என்னோடு சேர்ந்து அழுதாள். தலை நரைக்கும் வரை என்னோடு இருந்தாள். போன தவக்காலத்தில்தான் ஆண்டவர் அவளை அழைத்துக்கொண்டார். அன்றைக்குக் காலையிலும் என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

நான் கோவிலில் முழந்தாளிட்டுக் கேட்டேன். பதில் வேறு சாமியைக் கும்பிடுகிற ஒரு தாயின் முறத்தில் வந்தது. யாரிடம் கொடுத்தனுப்ப வேண்டும் என்று ஆண்டவருக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் துக்கத்தில் வாயடைத்துப் போனவர்கள் இருக்கலாம். அவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நீங்கள் போகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். போகிற வழியெல்லாம் அவரிடம் கேட்டுக்கொண்டே நடங்கள். என் பிள்ளையை அவர் திருப்பித் தரவில்லை. அவள் பேரை எங்கள் வாயில் திருப்பித் தந்தார். அதற்காக இந்தக் கிழவன் தினமும் அவருக்குத் தோத்திரம் சொல்கிறான்.