தெரிஞ்ச மட்டில ஒரு குறையும் இல்லை

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ரதி பல்கனிக் கதிரையில் சாய்ந்தாளென்றால் வெள்ளவத்தையில் கலியாணங்கள் தொடங்கிவிடும். கடற்பக்க ஒழுங்கையில் நாலாம் மாடி அவளுடைய வீடு. கீழே நிற்கிற கண்ணாடிக்காரப் பெடியனுக்கும், எதிர்மாடியில் உடுப்புக் காயப்போடுகிற பிள்ளைக்கும் பேசி முடிப்பாள். கடலோரமாக ரயில் போகும். அதில் தொங்கிக்கொண்டு போகிறவர்களில் இரண்டு பேருடைய கழுத்திலாவது மாலை விழும். தண்ணீரில் வெயில் பட்டு வீடெல்லாம் வெளிச்சம் ஆடும்போது கண் சொருகிவிடும். அந்தத் தூக்கத்துக்குள்ளும் நாதஸ்வரம் கேட்குமாம். எல்லாரையும் கட்டிக்கொடுத்து முடித்த பிறகு எழும்பித் தேத்தண்ணி போடுவாள்.

சும்மா கனாக் காண்கிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். கலியாணம் என்றால் ஆட்கள் அவளைத்தான் தேடி வருவார்கள். ரதி என்று பேர் வைத்துக்கொண்டு வேறென்ன தொழில் செய்வாய் என்று புருஷன் உயிரோடிருந்த காலத்தில் பகிடி பண்ணுவார். ஆனால் பொருத்தம் பார்க்கச் சாத்திரியார் இருக்கிறார், படம் அனுப்ப வட்ஸ்அப் இருக்கிறது. ரதியிடம் வருவது விசாரிப்புக்கு. மாப்பிள்ளை குடிப்பானா, முன்னம் எங்காவது கலியாண எழுத்து நடந்ததா, செய்கிற தொழில் சொல்கிற தொழில்தானா என்று துருவிப் பார்த்துச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜ் அறையில் இருந்த நாளில் பக்கத்து அறைக்காரருக்கு உதவியாகத் தொடங்கியது, இருபத்தைந்து வருஷமாக நடக்கிறது.

அதற்கென்று அவளிடம் ஒரு முறை உண்டு. மாப்பிள்ளை வீட்டார் யாரைக் கேட்கச் சொல்கிறார்களோ அவர்களைக் கேட்க மாட்டாள். அவனை விட்டுப் போனவர்களைத் தேடிப் போவாள். போனால் அவர்களும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார்களா என்ன? ஒரு கலியாணத்தைக் குழப்பின பாவம் எவருக்கும் வேண்டாம். ஆகவே எங்கள் சனம் அதற்கென்று ஒரு வசனம் வைத்திருக்கிறது: "எங்களுக்குத் தெரிஞ்ச மட்டில ஒரு குறையும் இல்லை." கேட்டவர் தலையாட்டி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வருவார். சம்பந்தம் அன்றோடு முறிந்த மாதிரித்தான். மாறாக, "அவன் சரியான கோபக்காரன், சாப்பாட்டில ஆயிரம் நொட்டை சொல்லுவான்" என்று யாராவது தொடங்கினால் ரதிக்கு உள்ளம் குளிர்ந்துவிடும். பயப்பட ஒன்றுமில்லாதவனைப் பற்றித்தானே வாய்விட்டுக் குறை சொல்ல முடியும்.

இப்படி ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விசாரித்தவளின் ஒரே மகள் சுபோதினி முப்பத்துமூன்று வயதிலும் கலியாணம் கட்டவில்லை. காப்புறுதிக் கம்பனியில் நல்ல வேலை. அந்தப் பிள்ளை ஒருநாள் வேலையால் வந்து, செருப்பைக் கழற்றாமலே, ஓர் ஆளின் பெயரைச் சொன்னது.

"அம்மா, ஜெயகுமார் எண்டு ஒருத்தரை விசாரிக்க வேணும்."

ரதியின் மனதில் மணவறையே கட்டி முடிந்துவிட்டது.

"எந்த ஊர் ஆள், பிள்ளை?"

"கலியாணத்துக்கில்லை அம்மா. எலெக்‌ஷனுக்கு."

கொட்டாஞ்சேனையில் சமையல் ஓடர் எடுத்துச் செய்கிற ஜெயகுமார், மாநகர சபைக்கு ஒரு சுயேச்சைக் குழுவைக் கட்டுகிறார். அவர்தான் தலைவர். வெள்ளவத்தைப் பக்கம் சுபோதினியை நிறுத்த விரும்புகிறார். வெள்ளம் வந்த நேரம் அவள் ஒழுங்கை ஒழுங்கையாகச் சாப்பாடு கொண்டு திரிந்ததைக் கண்டவர். ஆனால் கம்பனியில் இருந்துகொண்டு அரசியல் செய்ய விடமாட்டார்கள். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

"மேடையில எல்லாரும் நல்லாத்தான் கதைக்கினம். ஆள் எப்பிடியெண்டு நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் ஓம் எண்டால் ஓம்," என்றாள் சுபோதினி.

ரதிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தாள். மாப்பிள்ளை பிழைத்தால் ஒரு பெண்தான் அழுவாள். இது பிழைத்தால் மகளுக்கு வேலையும் போய், பெயரும் கெடும். மறுநாளே குடையை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டாள்.

முதலில் அகப்பட்டவள் அன்னபாக்கியம். ஜெயகுமாரின் அடுப்படியில் வேலை செய்து, சண்டை பிடித்துக்கொண்டு விலகினவள்.

"அந்த மனுசனோட மனிசர் வேலை செய்யேலாது. உப்புக் கூடினால் அண்டாவோட கொட்டச் சொல்லும். கலியாண வீட்டாருக்குத் தெரியாதே எண்டு நான் கேட்டதுக்கு, எனக்குத் தெரியும்தானே எண்டு கத்தினது," என்றாள்.

ரதி முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்குப் பெரிய சந்தோஷம். பொல்லாத பொம்பிளைதான் ரதி.

அடுத்தவர் நாகேந்திரம். ஜெயகுமாரின் பக்கத்து வீட்டுக்காரர். மதிலுக்காக அவரோடு வழக்காடிக் கோடு ஏறினவர். அரை மணித்தியாலம் திட்டினார். "வழக்கில வெண்டதும் காணாதெண்டு, என்ர பக்கத்து மதிலுக்கும் சேத்து வெள்ளையடிச்சு விட்டிருக்கிறான், அகங்காரம் பிடிச்சவன்," என்று முடித்தார். தன் வாயால் என்ன சொன்னோம் என்று அவருக்குப் பிடிபடவே இல்லை.

மிச்சம் ஷரீப். ஜெயகுமாரோடு பங்கு சேர்ந்து புறக்கோட்டையில் பாத்திரக்கடை நடத்தினவர். பிறகு இருவரும் பிரிந்துவிட்டார்கள். ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. தொழிலில் கூட இருந்தவன் சொல்வதுதான் கடைசிச் சொல் என்பது ரதியின் கட்சி. அடுத்த நாள் புறக்கோட்டைக்குப் போன பஸ் கொள்ளுப்பிட்டியைத் தாண்டக் காற்று முகத்தில் அடித்தது, கண் சொருகியது. யாரோ ஒரு பெண் கூறைச்சேலையோடு மணவறையில் இருக்கிறாள். கொழும்பு முழுக்கப் பந்தியில் இருக்கிறது. மாப்பிள்ளை தலைப்பாகையோடு வருகிறார், முகம் மட்டும் தெரியவில்லை. ரதி எட்டி எட்டிப் பார்க்கிறாள், முன்னால் நிற்கிறவர்கள் மறைக்கிறார்கள். பெண் தலையை நிமிர்த்தினாள். பார்த்தால் சுபோதினி. "அம்மே, பஹின்ன," என்று கண்டக்டர் இறங்கச் சொன்னபோது புறக்கோட்டை வந்திருந்தது.

ஷரீப் மரியாதையான மனிதர். ஸ்டூலைத் துடைத்து இருத்தினார். பின்பக்கம் இருந்த அவருடைய மனைவி இஞ்சித் தேத்தண்ணி கொடுத்தனுப்பினாள். அடுக்கி வைத்த அண்டாக்களில் தெரு முழுவதும் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது. ரதி விஷயத்தைச் சொன்னாள். அவர் தாடியைத் தடவி, கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார்.

"எனக்குத் தெரிஞ்ச மட்டுல அவரில ஒரு குறையும் இல்ல, அக்கா," என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ரதி தலையாட்டி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினாள்.

அன்று பின்னேரம் மகளிடம் ஒரே சொல்லில் சொன்னாள்: "வேண்டாம்." சுபோதினி ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய், ஜெயகுமாருக்குச் சரிவராது என்று சொல்லிவிட்டாள். பிறகு வந்து வழமைபோலச் சாப்பிட்டாள். பிள்ளை தப்பித்தாள் என்று ரதிக்கு ஆறுதல். ஆனாலும் உப்புக் கூடின அண்டாவும் வெள்ளையடித்த மதிலும் நினைவில் வந்து வந்து போயின. இவ்வளவு நல்லாகத் திட்டு வாங்கின மனிதனிடம் ஷரீப் என்னத்தைக் கண்டிருப்பார்?

வேட்புமனு கொடுக்க இரண்டு நாள் இருக்கையில், காலி வீதிப் புடவைக்கடை ஒன்றில் யாரோ ரதியின் கையைப் பிடித்தார்கள். ஷரீப்பின் மனைவி மர்லியா.

"நீங்கதானே அண்டைக்குக் கடைக்கு வந்த அக்கா? உங்கட மகள் ஜெயகுமார்ட லிஸ்ட்ல ஈக்கிறாவா?"

"இல்லை. உங்கட அவர் சொன்னாப் பிறகு விட்டிட்டம்," என்றாள் ரதி.

மர்லியாவின் முகம் மாறியது. "அவர் என்ன சென்னார்?"

"தெரிஞ்ச மட்டில ஒரு குறையும் இல்லையெண்டு."

"அப்ப நல்லாத்தானே செல்லீக்கார்?"

ரதிக்கு இருபத்தைந்து வருஷத்தில் இந்த வசனத்தை யாருக்கும் விளக்க வேண்டி வந்ததில்லை. எங்கள் சனத்துக்கு அது விளங்கும். ஷரீப் எங்கள் சனம் இல்லை, அந்த மனிதர் பாவம், உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்.

"அவருக்குக் கூடப் பேச வராது," என்றாள் மர்லியா. "ஈஸ்டர் குண்டு வெடிச்சாப் பொறகு, முஸ்லிம் கடையெண்டு எங்கட கடைக்கு ஒரு மனிசர் வரல்ல. பழகின ஆக்களும் முகத்தைத் திருப்பிட்டுப் போனாங்க. ஜெயகுமார் அப்ப பங்குல இல்ல, பிரிஞ்சு வருஷக்கணக்கு. காலையில வந்து கடை வாசல்ல கதிரையைப் போட்டு இரிப்பார். போற வாற தமிழாக்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அண்டா நல்லாயீக்கி வாங்கிப் பாருங்கண்டு செல்லுவார். மாசக்கணக்கா இரிந்தார். அதை நாங்க வெளியில செல்லப்படாதாம், கோவிப்பார். அதுதான் இவரும் வாயை மூடிட்டார்."

ரதி புடவை வாங்காமல் கடற்கரையோரம் இறங்கி நடந்தாள். அலை இரைச்சலில் தன் மனசு கதைப்பதே கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஒரு நல்ல மனிதரைத் தெரிந்தே ஒதுக்கினது போலக் குற்றமாகவும் இருந்தது. மகளுக்கு வந்த ஒரு வாசலைத் தன் கையால் சாத்திவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எப்படித் தொடங்குவது, எந்தச் சொல்லில் மன்னிப்புக் கேட்பது என்று ரயில் பாதை நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

சுபோதினி வேலையால் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். "பிழை என்ர. நான் சொன்னதைக் கேட்டு நீ விட்டிட்டாய்."

மகள் கைப்பையை மேசையில் வைத்தாள். பிறகு, "நீங்கள் சொன்னதுக்காக விடேல்லை அம்மா," என்றாள்.

"பின்னை?"

"எனக்குப் பயம். வேலையை விட, சனத்துக்கு முன்னால நிக்க, தோத்துப்போய்த் திரும்பி வர. அவர் கேட்ட அண்டையில இருந்து நித்திரை இல்லை. நீங்கள் வேண்டாமெண்ட உடனை எனக்கு மூச்சு வந்தது. ஏனெண்டும் கேக்கேல்லையே நான்."

விசாரித்துச் சொல்லச் சொல்லி வந்த எத்தனை தகப்பன்மார், எத்தனை பெண்பிள்ளைகள் ரதியின் கண்ணுக்கு முன்னால் வந்து போனார்கள். அவர்களிலும் எத்தனை பேர் இப்படி மூச்சு விட்டிருப்பார்கள். முன்பின் தெரியாத ஒருவனுடைய கோபத்தையும் உப்பையும் மதிலையும் தேடிக் கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை என்று அலைந்தவள், முப்பத்துமூன்று வருஷமாகப் பக்கத்தில் படுத்தெழும்புகிற பிள்ளைக்கு என்ன பயம் என்று ஒருநாளும் விசாரித்ததில்லை.

"இப்ப நான் என்ன செய்ய?" என்று சுபோதினி கேட்டாள்.

"எனக்குத் தெரியாது, பிள்ளை." யார் வந்து கேட்டாலும் அவள் இதுவரை சொல்லாத பதில் அது. சொன்ன பிறகு அழுகை வந்தது, அடக்கவில்லை.

காலையில் ரதி குசினிக்குள் நிற்க, அறையிலிருந்து மகளின் குரல் கேட்டது. "அண்ணை, அந்த இடத்துக்கு இன்னும் ஒருத்தரையும் போடேல்லையோ? ... ஓம். ... இல்லை, இண்டைக்கே வாறன்." கொஞ்ச நேரத்தில் சுபோதினி நீலச் சேலையோடு வெளியே வந்தாள். வேலையை விடுகிற கடிதத்தை முதலில் கம்பனியில் கொடுத்துவிட்டுத்தான் கொட்டாஞ்சேனைக்குப் போக வேண்டும் என்றாள். வாசலில் செருப்பைப் போட்டவள் அப்படியே நின்றாள்.

"அம்மா, நீங்களும் வாறீங்களோ?"

"நான் வந்து என்னத்தைக் கேக்க?"

"ஒண்டும் கேக்க வேண்டாம். சும்மா பக்கத்தில இருங்கோ."

ரதி அடுப்பை நிற்பாட்டிவிட்டு, வீட்டுச்சேலையோடேயே மகளுக்குப் பின்னால் படியிறங்கினாள்.