எல்லாரும் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள்?

போன வெள்ளிக்கிழமை மாலை ஆறே முக்கால். கெலுகோரில் என் மகள் இருக்கும் நர்சரி வாசலில் மூச்சிரைக்க நிற்கிறேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கமலா அக்கா கைப்பையோடு தயாராக இருந்தார்.

"ஆறு மணிக்கு மூடணும்மா. எனக்கும் வீடு இருக்குலா. இப்படியே போனா அடுத்த மாசம் வேற இடம் பாத்துக்க."

வேறு இடமா? நாலு வயதுக்காரிக்கு இந்த இடம் கிடைக்கவே மூன்று மாதம் அலைந்தேன்...

பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. வேலை ஐந்தரை வரைதான். சரியாகத்தான் படித்தேனா என்று நியமனக் கடிதத்தை இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். ஆனால் ஐந்தரைக்கு ஒருவரும் எழுவதில்லை! ஆறேகால் வரை எல்லாரும் கணினி முன்னால்தான். புரொபேஷனில் இருப்பவள் மட்டும் பையைத் தூக்கலாமா? நானும் உட்கார்ந்திருந்தேன் — அடுக்கிய ஃபைலையே திரும்ப அடுக்கிக்கொண்டு.

கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? கேட்டேனே! கணவரைக் கேட்டேன். கூகலைக் கேட்டேன். என்னோடு ஒரே நாளில் சேர்ந்த பெண்ணைக் கேட்டேன் — அவள் என்னைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறாளாம். வேலைக்குப் புதியவர்கள் விஷயம் தெரியாதவர்களிடம்தான் தைரியமாகக் கேட்கிறோம். விஷயம் தெரிந்தவரிடம் கேட்டால், நமக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துவிடுமே...

திங்கட்கிழமை வேறு வழியில்லை. பக்கத்து மேசை மேரி அக்காவிடம் போனேன்.

"அக்கா, இங்க எத்தனை மணிக்குக் கெளம்பலாம்?"

ஒரு காதிலிருந்து இயர்ஃபோனை எடுத்தார். "அஞ்சரைக்குத்தான். ஏன்?"

"நீங்கல்லாம் ஆறேகால் வரைக்கும்..."

"அட, நாங்கல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்மா! இப்ப கெளம்புனா பாலத்துல ஜாம். அதுக்கு இங்க ஏர்கோன் குளிர்ல உக்காந்து டிராமா பாக்கலாம்லா. நீ கெலுகோர்தானே, பாலமே ஏற வேணாமே! வீட்ல ஏதோ பிரச்னை போல, இந்தப் பொண்ணு போகவே மாட்டேங்குதுன்னு நாங்க பேசிக்கிட்டோம்."

மூன்று வாரம். தினமும் முக்கால் மணி நேரம். என் மேல் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

அன்று ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே நர்சரிக்குப் போய்விட்டேன். கமலா அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி பொம்மையிடம் திரும்பிவிட்டாள்.

"வாடா, வீட்டுக்குப் போலாம்."

"இன்னும் ரெண்டு பேர் இருக்காங்கம்மா. அவங்க போனப்புறம்தான் நாம."

யாரும் சொல்லித் தரவில்லை. என்னைப் போலவே, பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள்.