குங்குமம் வைத்த கேமராத் தாள்

நெல்லிவாசலுக்கு விட்ட பஸ் மூன்றே மாதத்தில் நின்றுபோனது இந்த வருடம். பலாப்பழத்தில் பாதியைக் கரடி தின்றதும் இதே வருடம். புளி உலுக்கி முடித்த வாரம் கோவிந்தன் போனான். என் வீட்டில் போனுக்குச் சிக்னல் கிடையாது. அதனால் சாவுச் செய்தி ஜீப்பில், மூன்று உப்பு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தது.

புதூர்நாட்டில் போட்டோ பிடித்த கோவிந்தனைத் தெரியாதவர்கள் உங்களில் இல்லை. நம் அடையாள அட்டைகளில் முறைக்கிற முகமெல்லாம் அவன் எடுத்ததுதான். சிரிக்க வேண்டாம் என்று அவன் சொன்னதில்லை, நாம்தான் பயந்தோம். என் தங்கை குள்ளம்மாவைக் கட்டியவன் என்பதால் எனக்கு மச்சான்.

எனக்கு எழுத்துத் தெரியாது. இதைக்கூட நான் சொல்ல, என் மகள் எழுதுகிறாள். ஆனால் காதில் விழுந்தது போகாது. அவனுடைய பழைய கேமராவோடு செங்கல் தடிமனில் ஒரு புத்தகம் வந்தது. அவன் ஒருமுறை படித்து எனக்குத் தமிழில் சொன்னான். அதற்குப் பிறகு அவன் அதைப் பிரித்ததே இல்லை. எங்கே இருந்தாலும், "மச்சான், அறுபத்திரண்டாம் பக்கம் இன்னா சொல்லுது?" என்பான். நான் சொல்வேன். "புஸ்தகத்துக்குச் சோறு போட வாணாம். இவனுக்குப் போடணும், அதான் வித்தியாசம்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

புதுக் கேமரா வாங்கத் திருப்பத்தூருக்கு என்னையும் கூட்டிப்போனான். பெட்டியைப் பிரித்தால் புத்தகம் இல்லை. ஒரே ஒரு தாள், அதில் கறுப்புக் கட்டம். போனைக் காட்டினால் எல்லாம் வரும் என்றார் கடைக்காரர். பஸ் இரண்டு மணி நேரம் வரவில்லை. கடலை விற்கும் வெள்ளையனின் வண்டி ஓரமாக உட்கார்ந்து, கோவிந்தன் தன் போனில் தள்ளித் தள்ளிப் படித்தான். நான் தின்றுகொண்டே கேட்டேன்.

அடுத்து ஆயுத பூஜை வந்தது. பழைய கேமராவின் புத்தகத்துக்கு வருடா வருடம் பொட்டு வைத்தவள் குள்ளம்மா. இந்த முறை அந்தத் தாளுக்கு வைத்தாள். தாராளமான கை அவளுக்கு. கட்டத்தின் மேலேயே சந்தனம், அதன் மேல் குங்குமம்.

தை மாதம் என் வீட்டில் என் மகள் கல்யாணம். மாப்பிள்ளை தாலியை எடுத்துவிட்டார். கேமராப் பொத்தான் அழுந்தவில்லை. திரையில் என்னவோ மின்னியது. கோவிந்தன் பையிலிருந்து தாளை எடுத்தான். அது அம்மன் நெற்றிபோல இருந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தான். குங்குமத்தோடு கட்டமும் வந்துவிட்டது. கட்டம் இருந்திருந்தாலும் அங்கே சிக்னல் ஏது? மாப்பிள்ளை கையை இறக்கவும் முடியாமல் முடிச்சுப் போடவும் முடியாமல் நின்றார்.

"இன்னாப்பா, நேரம் போவுது" என்றார் ஊர்க்கவுண்டர்.

கோவிந்தன் என் பக்கம் திரும்பினான். "மச்சான், பக்கம் கேக்க முடியாது. இதுல பக்கமே கிடையாதே" என்றான்.

பக்கம் இல்லாவிட்டால் என்ன? எனக்குக் கடலைக் கணக்கு இருந்தது. மூன்றாவது பொட்டலம் பிரித்தபோது, ஆலங்காயம் பஸ் கிளம்பியபோது, அவன் படித்தது நினைவுக்கு வந்தது. பெண்ணின் அப்பனான நான் மணவறையை விட்டு இறங்கி வந்தேன்.

"உள்ள மெமரி கார்டுன்னு ஒரு வில்லை இருக்குதில்ல, அதோட பக்கவாட்டுல சின்னப் பூட்டு. கீழ இறங்கியிருந்தா படம் ஏறாதுன்னு படிச்சே. நகத்தால மேல தள்ளு."

தள்ளினான். பழைய கேமராவின் கார்டில் பூட்டே இல்லை, அதனால் அவனுக்குத் தோன்றவில்லை, பாவம். கேமரா சத்தம் கேட்ட பிறகுதான் மாப்பிள்ளை முடிச்சுப் போட்டார். அந்தப் படத்தில் எல்லோரும் மணமக்களை விட்டு என்னைப் பார்க்கிறார்கள். இதைச் சொல்லும்போது என் மகள் எழுதாமல் சிரிக்கிறாள்.

பழைய புத்தகத்தைக் குழியில் அவன் தலைமாட்டில் வைத்தோம். புதுக் கேமரா குள்ளம்மாவிடம் இருக்கிறது. எந்தப் பொத்தான் எதற்கு என்று கேட்பவர்களை "அண்ணனக் கேளுங்க" என்று என்னிடம் அனுப்புகிறாள். அவன் படித்தது முழுவதும் அவன் குரலிலேயே என்னிடம் இருக்கிறது, நடுநடுவே கடலை மெல்லும் சத்தத்தோடு. அன்று அதைக் கேட்டவர்களில் வெள்ளையன் போன மழையில் போனான். படித்தவனும் போய்விட்டான். இன்னும் இருப்பது நெல்லிவாசல் அண்ணாமலை, நான் ஒருவன்தான்.