கம்பளிக் குல்லா போட்டுத் திமிங்கலம் பார்க்கப் போனோம்

கடலுக்குப் போய் வேண்டுமென்றே வெறுங்கையோடு திரும்பி வந்த குடும்பம் என்று எங்கள் ஊர் ஆலந்தலையில் எங்களைக் கொஞ்ச நாள் கேலி பேசினார்கள். அதற்குக் காரணம் என் மாமா, அம்மாவின் தம்பி.

மாமா ஸ்காட்லாந்தில் இறால் பிடிக்கிற படகில் வேலை பார்த்தார். வடக்கே, குளிர் பிடித்த கடல். துறைமுகத்துக்கு வந்தாலும் கரையில் இறங்க அவர்களுக்கு அனுமதி கிடையாது. படகிலேயே சமையல், படகிலேயே தூக்கம். போன கார்த்திகையில் அவரைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து, அவர் எங்களுக்குத் திமிங்கலம் காட்டிய அந்த ஒரு நாள்தான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது.

நான் அப்போது சின்னப் பிள்ளை. லீவில் வந்திருந்த மாமா சாப்பாட்டின் நடுவில் அப்பாவிடம் சொன்னார்.

"அத்தான், ஞாயித்துக்கிழம எல்லாரும் நம்ம படகுல போவோம். திமிங்கலம் பாக்க."

"பிடிக்கவா?"

"பாக்க."

"பாத்து?"

"பாத்துட்டு வீட்டுக்கு வரணும். அங்கன வெள்ளக்காரன் துட்டு கொடுத்து டிக்கெட் எடுத்துப் போறான்."

"நான் தெனமும் கடலத்தான பாக்கேன், எனக்கு ஒருத்தனும் துட்டு தரலயே" என்றார் அப்பா.

மற்ற நாளில் அப்பாவின் படகு சும்மா கிடக்காது. திங்கட்கிழமை மாமா கிளம்ப வேண்டும். ஞாயிறு ஒன்றுதான் இருந்தது. எங்கள் ஊரில் ஞாயிறன்று யாரும் கடலுக்குப் போகக் கூடாது. பூசை காண வேண்டும், வலை கரையில் கிடக்க வேண்டும். மீறினால் ஊர்க் கமிட்டி சும்மா விடாது. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு கமிட்டித் தலைவர் வீட்டுக்குப் போனார்.

"அண்ணாச்சி, மீன் பிடிக்கதுக்குத்தான தடை? பாக்கதுக்கு இல்லியே?"

இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போல. கன்னத்தைச் சொறிந்தார்.

"வலை?"

"இல்ல."

"தூண்டி?"

"அதுவும் இல்ல. திரும்பி வரும்போது படகுல ஒரு செதிலு கெடந்தாலும் என்னைய ஊரவிட்டுத் தள்ளி வையுங்க."

"சரி, போ. நீ திமிங்கலத்தப் பாரு. ஊரு உன்னப் பாக்கட்டும்."

ஊர் பார்க்கத்தான் செய்தது. முதல் பூசை முடிந்து நாங்கள் கரைக்கு வந்தபோது பாதிக் கூட்டம் அங்கேதான் நின்றது. எங்கள் நான்கு பேர் மேலும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. தலையில் மாமா அங்கிருந்து வாங்கிவந்த கம்பளிக் குல்லா, உச்சியில் ஒரு குஞ்சம். வெயில் அப்போதே சுட்டது. "அங்க போறவுக எல்லாரும் இதத்தான் போடுவாக" என்று மாமா ஒரே பிடிவாதம்.

"ஏளா, ஆலந்தலையில பனி பெய்யிதோ?" என்று ஒருத்தி அம்மாவைக் கேட்டாள். அம்மா குல்லாவை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு படகில் ஏறினாள். மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்து மீன்பிடிக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், அதுவரை கரை மறைகிற தூரம் போனதே இல்லை.

படகுப் பலகையில் மாமா எங்கள் வீட்டுத் தலையணைகளைப் போட்டிருந்தார். பிளாஸ்கில் சூடாக ஹார்லிக்ஸ். அப்பா வழக்கம்போல எஞ்சின் பக்கம் போனார்.

"அத்தான், நீங்க இன்னிக்கு டிக்கெட் எடுத்தவுக. போய் உக்காருங்க."

அப்பா உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கிற கப்பல்கள் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்தன. அதையும் தாண்டிப் போய் மாமா எஞ்சினை நிறுத்தினார். பேசக் கூடாது என்றார். காத்திருந்தோம். ஓங்கல்கள் என்கிற டால்பின்கள் கூட்டமாக வந்து துள்ளிவிட்டுப் போயின.

"இது போதும்லே, திரும்பு" என்றாள் அம்மா.

"ஓங்கல நீ கரையிலயே பாக்கலாம்க்கா. கொஞ்சம் பொறு."

உச்சி வெயில் சாய்ந்தது. குல்லாவுக்குள் தலை வெந்தது. மாமா முன்னால் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குப் போகிறவர், இன்றைக்குக் காட்டாவிட்டால் எப்போது காட்டுவார் என்று எனக்கே கவலையாகிவிட்டது. மெதுவாக அவர் பக்கத்தில் போனேன்.

"மாமா, அங்கன நீங்க திமிங்கலம் பாத்திருக்கியளா?"

"நெறயாப் பாத்திருக்கேன். நாங்க இறால் பொறுக்கிட்டு நிக்கும்போதே பக்கத்துல வரும்."

"பொறவு எதுக்கு மாமா திரும்பவும் பாக்கணும்?"

அவர் பிளாஸ்கைத் திறந்து ஊற்றி என் கையில் கொடுத்தார். "அதப் பாக்கதுக்கு ஒரு படகு வரும். அதுல உன்ன மாதிரி ஒரு புள்ள, இதே மாதிரி குல்லா. அவ அப்பன் தோள்ல இருந்துக்கிட்டு எங்களுக்குக் கை காட்டுனா. எங்க கையில கிளவுசு, முழங்கைவரைக்கும் சேறு" என்றார். "ஆறிரப் போவுது, குடி."

அந்த நேரம் பார்த்து அப்பாவின் தலையணை துள்ளியது. அதற்குக் கீழே ஒரு முனையைச் சொருகி, மாமாவுக்குத் தெரியாமல், அப்பா ஒரு தூண்டில் கயிற்றைக் கடலுக்குள் விட்டு வைத்திருந்தார்.

"அத்தான்!" மாமாவுக்குக் குரலே மாறிவிட்டது. "நான் வாக்கு கொடுத்திருக்கேன் அத்தான்!"

"மாப்ள, சீலா மீனு மாப்ள! பெருசு!"

"அறுத்து விடுங்க!"

"அறுக்கவா? எங்கப்பன் எந்திரிச்சு வந்து சொன்னாலும் மாட்டேன்!"

"ஞாயித்துக்கிழம, மாதாவே" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

அப்போது எங்களுக்குப் பின்னால், துறைமுகத்து லாரி பிரேக்கை விடுகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பினோம். தண்ணீர் புகையாக நின்றது. அதற்கடியில் ஒரு முதுகு எழும்பியது. எழும்பியது, போய்க்கொண்டே இருந்தது. முடியவே இல்லை. கறுப்பும் சாம்பலுமாக வெயிலில் மின்னியது. எங்கள் படகை அது ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. அதன் மூச்சு எங்கள் முகத்தில் சாரலாக அடித்தது, அழுகின மீன் வாடை. அவ்வளவு பெரியது, அவ்வளவு மெதுவாக, ஒருவரையும் இடிக்காமல் போனது. அப்படி ஒன்றை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

அம்மா சிலுவை போட்டாள். அப்பா பூசையில் நற்செய்தி வாசிக்கும்போது நிற்பதுபோல எழுந்து நின்று, இரண்டு கையாலும் குல்லாவைக் கழற்றினார். சீலா கயிற்றோடு போய்விட்டது. அது அவருக்குத் தெரியக்கூட இல்லை.

மாமாவிடம் காட்டலாம் என்று திரும்பினேன். அவர் திமிங்கலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்து நின்றார்.

"மாமா, அங்க! அங்க பாருங்க!"

"நீ பாரு ஏளா."

வால் எழும்பி, அகலமாக விரிந்து, உள்ளே போனது. மாமா கடைசிவரை திரும்பவில்லை.

எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு பாடுபட்டவர் பார்க்காமலே விட்டுவிட்டாரே. அதனால் திரும்பி வருகிற வழியெல்லாம் நான் அவருக்கு விவரமாகச் சொன்னேன். முதுகு எவ்வளவு நீளம், வால் எங்கள் வீட்டுக் கூரை அகலம். அவர் ஒன்றும் அறியாதவர்போல உம் கொட்டிக் கேட்டார். நடுநடுவே சம்பந்தமில்லாமல் ஏதாவது கேட்பார்.

"உங்கம்மா என்ன செஞ்சா?"

"சிலுவ போட்டாவ. மாமா, வாலுல வெள்ளையா—"

"உங்கப்பா?"

திமிங்கலத்தைக் கேட்காமல் எங்களைப் பற்றியே கேட்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கரையில் கமிட்டித் தலைவர் வந்து படகைக் குனிந்து பார்த்தார். தலையணையைக்கூடத் தூக்கிப் பார்த்தார். ஒரு செதில் இல்லை.

"என்னலே, பாத்தியா?"

"நல்லாப் பாத்தேன் அண்ணாச்சி" என்றார் மாமா.

மாமா பொய் சொல்கிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஊர் முன்னால் அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாயை இறுக மூடிக்கொண்டேன்.